சதுரப் பந்தும் எங்கள் வீட்டுக்காரரும்

போன வாரம் ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தேன். கணக்கு டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக் கேட்டார் — உங்கள் வீட்டில் டி.வி.யில் விளையாடுகிறீர்களாமே, நிஜமா?

நிஜம்தான் என்றேன்.

அவர் முகத்தில் உண்மையான கவலை. டி.வி.யில் விளையாடினால் பிக்சர் ட்யூப் போய்விடுமாம். கண்ணும் போய்விடுமாம். ஃபாரினிலிருந்து வருகிறவர்கள் குழந்தைகளுக்கு வாங்கி வருகிற சாமான் அது. நாற்பதைத் தாண்டிய நமக்கு எதற்கு? பேப்பர் திருத்தவே நேரம் போதவில்லையே...

பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. அந்தப் பதிலைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதில். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு என் பழக்கம் தெரியும். பகலில் தி. நகரில் ஒரு பெண்கள் பள்ளியில் பௌதிகம் நடத்துகிறேன். சாயங்காலம் மந்தைவெளியில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், சால்டரிங் அயர்னைச் சூடாக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், காலிங் பெல் என்று ஏதாவது ஒன்று. அக்கம்பக்கத்துப் பெண்கள் பிளாஸ்டிக் ஒயரில் கூடை பின்னுகிறார்கள். எனக்கு ஒயர் வேறு காரியத்துக்கு வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால்தான் அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி பீட்டர் லீவில் வந்தபோது எனக்குப் புடவை வாங்கி வரவில்லை. ஒரு பெட்டி வாங்கி வந்தான். டி.வி. கேம்.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பெரிய பென்சில் டப்பா அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதிலிருந்து இரண்டு ஒயர்கள், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு திருகு குமிழ். பெட்டியை டி.வி.யின் பின்னால் ஏரியல் ஒயர் வருகிற இடத்தில் மாட்ட வேண்டும். திரையின் நடுவில் ஒரு கோடு விழும். அதுதான் வலை. இந்தப் பக்கம் ஒரு சின்ன வெள்ளைக் கோடு, அந்தப் பக்கம் ஒரு சின்ன வெள்ளைக் கோடு. அவைதான் மட்டைகள். குமிழைத் திருகினால் மட்டை மேலே போகும், கீழே வரும். நடுவில் ஒரு பந்து.

பந்து சதுரமாக இருக்கும். சதுரப் பந்து எப்படித் துள்ளும் என்று என் மாணவிகள் யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் துள்ளுகிறது. பொக்... பொக்... என்று ஒரு சத்தம் வேறு. பதினைந்து பாயின்ட் யார் முதலில் எடுக்கிறாரோ அவர் ஜெயித்தவர்.

பீட்டர் உற்சாகத்தில் அதோடு வந்த அடாப்டரை நேராகச் சுவர் பிளக்கில் சொருகப் போனான். அந்த ஊரில் நூற்றுப்பத்து வோல்ட், நம் ஊரில் இருநூற்று முப்பது. கையைப் பிடித்து நிறுத்தினேன். டார்ச் செல் போட்டுத்தான் ஓட்டினோம். அப்படியும் படம் நிற்கவில்லை, கீழிருந்து மேலே உருண்டுகொண்டே இருந்தது. அங்கே வினாடிக்கு அறுபது படம், இங்கே ஐம்பது. டி.வி.யின் முதுகில் ஒரு சின்னத் திருகாணி இருக்கிறது, அதைக் கொஞ்சம் திருப்பினேன். உருளுவது நின்றது.

ஒரு வாரம் நன்றாகப் பரிசோதித்துவிட்டு என் அபிப்பிராயத்தை எழுதுகிறேன். இதில் இருக்கிற ஹாக்கி ஆட்டம் சுத்த வேஸ்ட். உங்கள் ஆட்கள் இரண்டு பேரும் ஒட்டவைத்ததுபோல ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்குகிறார்கள். துப்பாக்கி என்று ஒன்று தனியாக வருகிறது. அதைத் திரையைப் பார்த்துச் சுட வேண்டாம். ஹாலில் எரிகிற பல்பைப் பார்த்துச் சுட்டாலும் பாயின்ட் ஏறுகிறது. ஏமாற்று வேலை. மட்டையைப் பெரிதாக்க ஒரு ஸ்விட்ச் உண்டு, அது சோம்பேறிகளுக்கு. டென்னிஸ் ஆட்டம் மட்டும் முதல் தரம். இரண்டு கோடும் ஒரு சதுரமும் இருந்தால் போதும், மனிதர்கள் மல்லுக்கு நிற்கத் தயார் என்று எவனோ கண்டுபிடித்திருக்கிறான்.

சரி, கணக்கு டீச்சர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அதற்கு எங்கள் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் கணவர் அல்போன்ஸ் அரசாங்க ஆபீசில் சூப்பரிண்டென்டன்ட். ஆனால் அவருடைய உண்மையான உத்தியோகம் டேபிள் டென்னிஸ். மந்தைவெளி மார்க்கெட் பக்கம் ஒரு சங்கத்து ஹாலில், தினமும் ஆபீஸ் விட்டதும் நேராகப் போய் ஆடுவார். எதிரில் ஆடுகிறவர் ரங்கநாதன். மயிலாப்பூர் மாட வீதிக்குப் பக்கத்தில் வீடு, பேங்க்கில் வேலை. இரண்டு பேரும் சாந்தோமில் ஒன்றாகப் படித்தவர்கள். பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த ஆட்டம், இரண்டு பேர் தலையும் நரைத்த பிறகும் முடியவில்லை. யார் அதிகம் ஜெயித்தவர் என்பதில் இருவருக்கும் வேறு வேறு கணக்கு. எங்கள் கல்யாணத்தன்று சர்ச் வாசலில் நின்றுகொண்டு முந்தின நாள் ஆட்டத்தைப் பற்றி இவர்கள் தகராறு செய்ததை நான் கண்ணால் பார்த்தவள்.

இந்த வருஷ ஆரம்பத்தில் ஒரு காலை, ஷேவ் செய்துகொண்டிருந்த அல்போன்ஸின் கையிலிருந்து ரேசர் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. பிரஷர் என்றார்கள், பக்கவாதம் என்றார்கள். உயிர் தப்பியது. பேச்சு கொஞ்ச நாள் குழறித் தெளிந்தது. வலது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு நடக்கப் பழகிவிட்டது. வலது கை மட்டும் மடியில் கிடந்தது. விரல்களில் ஒரு அசைவும் இல்லை.

பயிற்சி சொல்லிக் கொடுக்க ஒருவர் வீட்டுக்கு வந்தார். ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார். தட்டில் மொச்சைக் கொட்டையைப் போட்டுப் பொறுக்கச் சொன்னார். அல்போன்ஸ் இரண்டு நாள் செய்தார். மூன்றாம் நாள், இது பாப்பா கிளாஸ் பிள்ளைகள் செய்கிற வேலை என்று சொல்லித் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். அப்புறம் தொடவேயில்லை. நான் கெஞ்சினேன், திட்டினேன். டாக்டரும் திட்டினார். பயன் இல்லை.

ரங்கநாதன் தினமும் சாயங்காலம் வருவார். எதிர் நாற்காலியில் உட்காருவார். என்ன பேசுவது? இத்தனை வருஷமாக அவர்கள் பேசிய பேச்சு எல்லாமே ஆட்டத்தைப் பற்றித்தான். அது இல்லை என்றதும் பேச்சும் இல்லை. பேப்பரில் வந்த செய்தி ஒன்றிரண்டைச் சொல்வார். காபி குடிப்பார். கிளம்பிவிடுவார்.

இந்த நிலைமையில்தான் பீட்டர் அந்தப் பெட்டியோடு வந்து இறங்கினான்.

முதல் இரண்டு நாள் பீட்டரும் ரங்கநாதனும் ஆடினார்கள். அல்போன்ஸ் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் பேப்பரின் பக்கம் புரளவில்லை. மூன்றாம் நாள் பீட்டர் எதற்கோ எழுந்து போக, அல்போன்ஸ் இடது கையை நீட்டிக் குமிழை எடுத்தார். நான் சமையலறையிலிருந்து பார்த்தேன்.

அன்றைக்கு ரங்கநாதன் தோற்றார். மறுநாளும் தோற்றார். அதற்கு மறுநாளும். அல்போன்ஸ் இடது கையால் குமிழைத் திருப்பித் திருப்பிப் பதினைந்து எடுத்தார். முகத்தில் மாதக்கணக்கில் காணாத ஒரு களை. சாயங்காலம் ஆனால் வாசலைப் பார்க்க ஆரம்பித்தார். பீட்டர் ஊருக்குக் கிளம்பும்போது, பெட்டி இங்கேயே இருக்கட்டும் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனான்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ரங்கநாதன் ஆடும்போது அவர் கையைக் கவனித்தேன். பந்து வந்துகொண்டே இருக்கும், மட்டையும் அதை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும்... கடைசி நொடியில் குமிழ் நின்றுவிடும். பந்து மட்டைக்கு ஒரு நூல் மேலே தப்பிப் போகும். ஒரு தரம் என்றால் தற்செயல். ஒவ்வொரு ஆட்டத்திலுமா?

நான் வாயைத் திறக்கவில்லை. அல்போன்ஸ் முகத்தில் களை வந்தால் போதும் என்று எனக்கும் ஒரு ஆசை.

ஒரு சனிக்கிழமை ஆடிக்கொண்டிருந்தார்கள். பொக்... பொக்... என்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ ஒயரைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அல்போன்ஸ் சாதாரணமாகக் கேட்டார்.

"ரங்கா, ஸ்கோர் என்னா?"

"பத்து ஆறு. நீதான் லீடிங்."

"நான் கையை எடுத்து எவ்ளோ நேரமாச்சு தெரியுமா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். குமிழ் மேஜைமேல் கிடந்தது. அல்போன்ஸின் இடது கை மடியில், வலது கையின் மேல் இருந்தது. திரையில் அவருடைய மட்டை நடுவில் அசையாமல் நின்றது. அசையாத அந்த மட்டையிடம்தான் ரங்கநாதன் பாயின்ட் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ரங்கநாதன் குமிழைக் கீழே வைத்தார்.

"முப்பது வருஷம் என்னோட ஆடியிருக்கே" என்றார் அல்போன்ஸ். குரல் உயரவில்லை. "ஒரு நாள் கூட நீ எனக்கு ஒரு பாயின்ட் சும்மா குடுத்ததில்ல. இப்பக் குடுக்கறே. அப்ப நான் போய்ட்டேன்னு முடிவு பண்ணிட்டே. நாளைலேர்ந்து வராத, ரங்கா."

ரங்கநாதன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்புகிறவரை நான் வாசலில் நின்றேன். உள்ளே வந்தபோது அல்போன்ஸ் டி.வி. பெட்டியின் மரக் கதவை இழுத்து மூடியிருந்தார்.

அதற்கப்புறம் வந்த நாட்களை எப்படிச் சொல்வது? பெட்டி வருவதற்கு முன்பு வீட்டில் சத்தமில்லை. இப்போது காற்றே இல்லாத மாதிரி இருந்தது. பெட்டியை அட்டை டப்பாவில் போட்டுப் பரணில் வைக்கச் சொன்னார். வைத்தேன். சாப்பாடு பாதியாகக் குறைந்தது. ரங்கநாதனும் வரவில்லை.

ஒரு நாள் காலை இட்லித் தட்டை அவர் முன்னால் வைத்தேன். வேண்டாம் என்றார். ரெண்டு இட்லியாவது சாப்பிடுங்க என்று திரும்பவும் அருகில் தள்ளினேன். இடது கையில் பேப்பர் இருந்தது. கோபத்தில் தோளை ஒரு வெட்டு வெட்டினார். மேஜைமேல் கிடந்த வலது கை அப்படியே முன்னால் போய்த் தட்டை இடித்தது. தட்டு மேஜையின் எதிர்க் கோடி வரை போயிற்று. சட்னி என் புடவையில்.

நான் புடவையைப் பார்க்கவில்லை, இட்லியையும் பார்க்கவில்லை. கையைப் பார்த்தேன்.

விரல் அசையாது, மணிக்கட்டு திரும்பாது. ஆகவே குமிழைத் திருக முடியாது. சரி. ஆனால் தோளும் முழங்கையும் சேர்ந்தால் கை முன்னால் போகிறது. முன்னால் போனது பின்னாலும் வருமா? அன்று பள்ளிக்கூடத்தில் நெம்புகோல் பாடம் நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று என் மாணவிகளைத்தான் கேட்க வேண்டும். என் மனசு முழுக்க ஒரே ஒரு கேள்வி — திருகுகிற குமிழைத் தள்ளுகிற குமிழாக மாற்றுவது எப்படி?

விடை எங்கள் வீட்டு ரேடியோவிலேயே இருந்தது. ஸ்டேஷன் மாற்றக் குமிழைத் திருகுகிறோம். உள்ளே ஒரு நூல் சக்கரத்தைச் சுற்றிப் போய், முள்ளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்துப் போகிறது. சுற்றுவது நேர்கோட்டில் நகர்வதாக மாறுகிறது. அதைத் தலைகீழாகச் செய்தால்? முள் இருக்கிற இடத்தில் கையை வைத்தால்? கை முன்னும் பின்னும் போகும், நூல் இழுக்கும், சக்கரம் சுற்றும், குமிழ் திரும்பும்.

ஒரு பலகை, அதன்மேல் இரண்டு சட்டம், நடுவில் வழுக்கிக்கொண்டு போக ஒரு மரக்கட்டை. கட்டையின்மேல் பஞ்சு வைத்துத் தைத்த துணிப் பட்டை, கையைக் கட்டிக்கொள்ள. கட்டையின் இரு முனையிலும் நூல். நூல் சுற்றிவரச் சக்கரமாக ஒரு தைலப் புட்டியின் மூடி.

குமிழுக்கு உள்ளே இருக்கிற சாமான் ரேடியோ வால்யூம் கன்ட்ரோலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. பழைய ரேடியோவிலிருந்து ஒன்றைப் பிடுங்கிப் போட்டேன். மட்டை பாதித் தூரம் ஆமை மாதிரிப் போயிற்று, மீதித் தூரம் ஒரே தாவல். அப்புறம்தான் தலையில் அடித்துக்கொண்டேன். வால்யூம் கன்ட்ரோல் நம் காதுக்கு ஏற்றபடி செய்தது. சத்தம் அப்படித்தான் ஏற வேண்டும். மட்டைக்குச் சீராக ஏறுகிற ரகம் வேண்டும்.

சனிக்கிழமை மவுன்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவுக்குப் போனேன். நான் வழக்கமாக வாங்குகிற கடையில் அதே மதிப்பில், சீராக ஏறுகிற ரகம் கேட்டேன். கடைக்காரர் டப்பாவைத் துழாவிக்கொண்டே விசாரித்தார்.

"இன்னாத்துக்கு டீச்சர் இது? ஸ்கூலுக்கா?"

"இல்ல, வீட்டுக்காரருக்கு."

"அவருக்கு இன்னா கீது இதுல?"

"டென்னிஸ் ஆடப்போறார்."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. என்னிடம் விவரம் கேட்டால் நான் நிறுத்தாமல் சொல்வேன் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த தொல்லை, மட்டை நடுங்கியது. குளிரில் நிற்கிறவன் மாதிரி ஒரே நடுக்கம். நீள ஒயர் போட்டிருந்தேன். அது வீட்டுக் கரண்டின் இரைச்சலையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தது. ரெக்கார்ட் பிளேயருக்குப் போடுகிற உறை போட்ட ஒயரை மாற்றினேன். நடுக்கம் நின்றது. நூல் வழுக்கியது, மெழுகு தேய்த்தேன். கட்டை சிக்கியது, கேரம் போர்டு பவுடரைத் தூவினேன். இதையெல்லாம் அதே மேஜையில், அவர் கண்ணெதிரேதான் செய்தேன். ஒளித்துச் செய்வதில்லை என்று தீர்மானம் செய்திருந்தேன். ஒளித்துச் செய்த நல்லது என்ன ஆயிற்று என்றுதான் பார்த்தோமே.

இரண்டு வாரம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு நாள் கேட்டார்.

"பொம்மை செய்யறியா எனக்கு?"

"கன்ட்ரோல் செய்யறேன்" என்றேன். "வலது கையால ஆடறதுக்கு. வேலை செய்யுமான்னு எனக்கே தெரியாது. வேலை செஞ்சாலும் நீங்க தோத்துப் போவீங்க. ரொம்ப நாளைக்குத் தோத்துப் போவீங்க. இஷ்டம் இருந்தா உக்காருங்க."

அவர் பலகையைப் பார்த்தார். இடது கையால் வலது கையைத் தூக்கிக் கட்டையின்மேல் வைத்தார். நான் பட்டையைக் கட்டினேன்.

சொன்னபடியே ஆயிற்று. ஒரு பந்துகூடத் திரும்பவில்லை. கை முன்னால் போனால் பின்னால் வரவில்லை. பின்னால் வந்தபோது பந்து எப்போதோ போய்விட்டிருந்தது. சுவரில் அடித்துத் தனியாக ஆடுகிற ஆட்டம் ஒன்று பெட்டியில் உண்டு. அதைப் போட்டுக் கொடுத்தேன். கெட்ட வார்த்தை சொன்னார். சர்ச்சுக்குப் போகிற மனிதர், கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் நான் கேட்டிராத வார்த்தைகள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது தெருவிலேயே கேட்டது. பொக்... பொக்...

பயிற்சி சொல்லிக்கொடுத்தவரைத் திரும்ப வரவழைத்தேன். அவர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதைத்தானே நானும் செய்யச் சொன்னேன் என்று சிரித்தார். தைலப் புட்டி மூடிக்குப் பதில் கொஞ்சம் பெரிய சக்கரம் போட்டால் கை இன்னும் அதிக தூரம் போய் வர வேண்டியிருக்கும் என்று நான் சொன்னேன். போடுங்கள் என்றார். அல்போன்ஸிடம் கேட்டேன், ஆட்டம் இன்னும் கஷ்டமாகும், மாற்றட்டுமா? மாற்று என்றார். புட்டி மூடி போய் ஷூ பாலிஷ் டப்பா மூடி வந்தது.

மீதி இருந்தது ஒரே ஒரு வேலை. ரங்கநாதன்.

அவர் வீட்டுக்குப் போனேன். கபாலீஸ்வரர் கோயில் குளத்துப் பக்கமாக நடந்துபோகும்போது, என்ன சொல்வது என்று ஒரு சொற்பொழிவே தயார் செய்துகொண்டு போனேன். அவர் என்னைப் பார்த்ததும் அவனுக்கு என்ன என்று பதறிப்போனார். ஒன்றுமில்லை, ஆட வர வேண்டும் என்றேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"என்னால முடியாது டீச்சர். அவனோட அந்தக் கையைப் பாத்துண்டே நான் எப்படி பாயின்ட் எடுப்பேன்? ஆத்துக்கு வந்தா தூக்கம் வரமாட்டேங்கறது. அவன் ஜெயிச்சா சிரிக்கறான். அதுக்காகத்தான் பண்ணேன். தப்பா?"

சொற்பொழிவு மறந்துபோயிற்று. நான் சொன்னது இவ்வளவுதான்.

"நீங்க எடுக்காம விட்ட ஒவ்வொரு பாயின்ட்டும், அந்தக் கை செத்துப்போச்சுன்னு நீங்க சொன்ன மாதிரி அவருக்குக் கேட்டிருக்கு. அவர் உங்களை ஜெயிக்கணும்னு நான் வரலை. அவரைத் தோக்கடிக்க ஆள் வேணும். வேற யாரைப் போய் நான் கேக்கறது?"

அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாளைக்கு வரேன் என்றார்.

வந்தார். அவர் வருவதை நான் முன்பே சொல்லியிருந்ததால், அல்போன்ஸ் கையைப் பலகையில் வைத்துக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பெரிய மட்டை ஸ்விட்சைப் போடட்டுமா என்று ரங்கநாதன் கேட்டார். அல்போன்ஸ் பார்த்த பார்வையில் சின்ன மட்டையே போதும் என்று ஆயிற்று.

பதினைந்துக்கு ஒன்று. ரங்கநாதன் ஜெயித்தார். கடைசிப் பாயின்ட்டையும் விடாமல் எடுத்தார். அல்போன்ஸ் பட்டையை அவிழ்த்துக்கொண்டே கேட்டார் — நாளைக்கு எத்தனை மணிக்கு வருவே?

அப்புறம் தினமும் தோல்வி. பதினைந்துக்கு இரண்டு, பதினைந்துக்கு நாலு, திரும்பவும் இரண்டு. ஒரு வேடிக்கை பாருங்கள். சும்மா கிடைத்த வெற்றியில் ஒரு வாரம் சிரித்தவர், இந்தத் தோல்விகளில் சாப்பிட ஆரம்பித்தார். இரண்டு இட்லிக்கு ஆறு இட்லி. ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து, எந்தப் பந்தை எப்படி விட்டோம் என்று ராத்திரிச் சாப்பாடு வரை தகராறு. பந்தோ சதுரம், அடிக்கிறதோ ஒரு கோடு. இதில் ஸ்பின் போட்டேன் என்று ஒருத்தர், அது உன் மனப்பிராந்தி என்று இன்னொருத்தர். மூன்றாவது மனிதர் கேட்டால் இவர்களை எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டி.வி.யில் படம் போடுகிற நாள். எங்கள் தெருவில் டி.வி. இருக்கிற வீடுகள் கொஞ்சம்தான். படத்துக்கு முன்பே ஹால் நிறைந்துவிடும். அன்றைக்கும் ஜனங்கள் வந்து தரையில் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் திரையில் இன்னும் சதுரப் பந்துதான் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கோர் பன்னிரண்டு பன்னிரண்டு.

படம் ஆரம்பித்துவிடுமே என்று ஒரு அம்மாள் மெல்லச் சொன்னார். இதோ ஆச்சு என்று நான் சொன்னேன். பதின்மூன்று பன்னிரண்டு. பதின்மூன்று பதின்மூன்று. அந்த அம்மாளும் திரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அல்போன்ஸின் நெற்றியில் வேர்வை. தோளிலிருந்து கை முழுசாக முன்னால் போகிறது, முழுசாகப் பின்னால் வருகிறது. ரங்கநாதன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவர் விரல்கள் குமிழைப் பிடித்த பிடியில் நகம் வெளுத்திருந்தது. இந்த மனிதர் விட்டுக்கொடுக்கவில்லை, அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

பதினாலு பதினாலு.

பந்து விடாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. பந்து திரையின் அடி மூலைக்கு ஓடியது. ரங்கநாதன் குமிழை வேகமாகத் திருகினார். மட்டை போயிற்று, ஒரு மயிரிழையில் தவறிவிட்டது.

அந்த அம்மாள்தான் முதலில் கை தட்டினார். அவருக்கு ஆட்டம் என்னவென்று தெரியாது, யார் ஜெயித்தார் என்று மட்டும் தெரிந்தது.

நான் ரங்கநாதனைப் பார்த்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் சிவந்திருந்தது. குமிழை உயர்த்தி விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, இப்படியும் அப்படியும் திருகிப் பார்த்தார்.

"இந்த நாப் சரியில்ல டீச்சர். கடைசில ஒட்டிண்டுடுத்து. இல்லேன்னா அது என் பாயின்ட். தொறந்து பாருங்கோ."

"தோத்தது நாப்பா, நீயா?" என்றார் அல்போன்ஸ்.

"நீ பேசாதே. ஒனக்கு மட்டும் பொண்டாட்டி தனியா மெஷின் பண்ணிக் குடுத்திருக்கா. எனக்கு இந்தக் கடை சரக்கு. இது ஆட்டமா? நாளைக்கு வேற நாப் போட்டு வெச்சாத்தான் நான் ஆடுவேன்."

காபி வேண்டாம் என்றார். விருட்டென்று எழுந்து போனார். படம் பார்க்கவும் உட்காரவில்லை. அல்போன்ஸ் சிரித்தார். அந்தப் பழைய சிரிப்பு, கல்யாணத்தன்று சர்ச் வாசலில் நான் பார்த்தது. கூட்டத்தைத் தாண்டி என்னைப் பார்த்து, அவனுக்கு நிஜமாவே கோபம், பாத்தியா என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் ஏரியல் ஒயரை மாட்டுகிற சாக்கில் டி.வி.க்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

தயவுசெய்து இதை அற்புதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சட்டைப் பித்தானை இன்னும் நான்தான் போட்டுவிடுகிறேன். பேனா பிடிக்க வருமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. கை முன்னும் பின்னும் போய் வருகிறது. அவ்வளவுதான் சொல்லலாம்.

கணக்கு டீச்சருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பிரகாசத்தைக் குறைத்து வைத்தால் பிக்சர் ட்யூபுக்கு ஒன்றும் ஆகாது. கண்ணுக்கும் ஆகாது. நாற்பது வயதுக்கு மேல் எதற்கு விளையாட்டு என்று கேட்டீர்கள். தோற்பதற்குத்தான், டீச்சர். நம்மை ஒரு ஆளாக மதித்து, முழு பலத்தோடு தோற்கடிக்க ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறாரே, அதைவிட மரியாதை வேறு என்ன இருக்கிறது?

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் ரங்கநாதன் வருவதற்குள் அந்த நாப்பைக் கழற்றிச் சுத்தம் செய்து சோதித்தேன். ஒரு கோளாறும் இல்லை. அதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன்.